குஸ்தி எழுத்து

"இன்று மட்டும்!"

அமலோற்பவம் அக்காவின் குரல் ஆஸ்பத்திரி ஜன்னலைத் தாண்டித் தெருவரைக்கும் கேட்டது. நான் வெளியே பூவரச மரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். பினாயில் வாடையும் பக்கத்துச் சந்தின் கருவாட்டு வாடையும் கலந்து மூக்கைத் துளைத்த காலை நேரம்.

ஜன்னல் வழியே உள்ளே தெரிந்தது: மேஜைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா, இந்தப் பக்கம் அக்கா. பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். புட்டியில் ஒட்டியிருக்கிற சீட்டைப் படிக்கத் தெரிந்தால்தான் வேலை. டாக்டரம்மா ஒரு பழுப்புப் புட்டியை நீட்டினார்.

அக்கா அதை வாங்கி எதிர்ச் சுவரோரம் இருந்த அலமாரியில் வைத்துவிட்டு எட்டு அடி பின்னால் நடந்து வந்து நின்றாள். தெரியவில்லை. திரும்பப் போய் எடுத்து, கையை முழுசாக நீட்டிப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியப் படித்தாள். அதுதான் நீங்கள் மேலே பார்த்தது.

சீட்டில் அச்சாகியிருந்தது 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று.

நான் சிரித்துவிட்டேன். இன்று நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இது மேல தடவுற மருந்தும்மா. இன்னைக்கு மட்டும்னு சொல்லி ஒரு பிள்ளைத்தாச்சிக்குக் குடிக்கக் குடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றார்.

"எனுக்குப் படிக்கத் தெரியும்மா" என்றாள் அக்கா.

"தெரியலையேம்மா."

அக்கா வெளியே வந்தாள். நான் சிரித்ததைக் கேட்டிருக்கிறாள். என்னைப் பார்க்காமலே நடந்து போய்விட்டாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே படிக்கத் தெரியும். ஆனால் ஒரே ஒரு வகை எழுத்தைத்தான் தெரியும், அந்த எழுத்தை வெட்டியவன் நான்.

வாசகர் கேட்ட கேள்வி

நான் வேலை பார்த்த ராயபுரம் அச்சகத்தைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அந்தக் காலத்துச் சுவரொட்டிகளில் தடித்தடியாக, பிரஷ்ஷால் இழுத்துவிட்ட மாதிரி ஓர் எழுத்து வருமே, அது உங்கள் அச்சகத்து எழுத்தா?"

ஆமாம் ஐயா, எங்கள் எழுத்துதான். பெருமைப்பட வேண்டிய சங்கதி. பெருமைப்பட்டுத்தான் நான் கெட்டேன்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். எனக்கு இருபத்தாறு வயது, பெயர் இன்னாசி, வேலை அச்சுக் கோப்பது. கடலோர மைதானங்களில் குத்துச்சண்டை அமர்க்களப்பட்ட காலம் அது. ஊர் வாயில் குத்துச்சண்டையும் குஸ்திதான், மல்யுத்தமும் குஸ்திதான். வாராவாரம் சுவரொட்டி அடித்தோம். எங்களிடம் இருந்த பெரிய எழுத்துகளோ பள்ளிக்கூடத்துப் பலகை மாதிரி அடக்க ஒடுக்கமானவை. 'மோதல்' என்று கோத்தால் இரண்டு பேர் வணக்கம் சொல்லிக்கொள்வது போலிருக்கும்.

"சண்டைன்னா சண்டை மாதிரித் தெரியணும்யா" என்று முதலாளி தினமும் அரித்தார்.

பாயும் நானும்

தண்டையார்பேட்டை கரீம் பாய் படகுகளுக்குப் பெயர் எழுதுகிறவர். கடைப்பலகை, சோடா வண்டி, மாட்டு வண்டிப் பின்கட்டை எல்லாம் அவர் கைதான். பிரஷ்ஷைப் பெயிண்டில் முக்கி எடுத்தாரென்றால் எழுத்து முடிகிறவரை கையைத் தூக்கமாட்டார். தொடக்கம் கொழுகொழுவென்று இருக்கும், வால் போகப் போகப் பெயிண்ட் வற்றி, பிரஷ் மயிரின் கோடுகள் தெரிய முடியும். புள்ளியை அவர் வைப்பதில்லை, வீசுவார். அது சாய்ந்த ஒரு கீற்றாக எழுத்தின் தலைக்கு மேல் நிற்கும்.

அவரிடம் பழுப்புக் காகிதத்தில் எழுத்துகளை எழுதி வாங்கினேன். பேசின் பிரிட்ஜ் பக்கம் பழைய சாமான் விற்கிற இடத்தில் தேக்குப் பலகை கிடைத்தது. நன்றாகக் காய்ந்த கட்டை. அதில் எழுத்தை இடவலம் மாற்றி வரைந்து, உளியால் வெட்டினேன். விரலில் இன்னும் அந்தத் தழும்புகள் இருக்கின்றன.

வெட்டி முடித்து முதல் தாளைக் காட்டியபோது பாய் உதட்டைப் பிதுக்கினார்.

"'மாமன்னன்'னு போட்டுகினு கீற. மூணு 'ம'வும் ஒரே மாதிரி கீதே. ஒரு மன்சன் கை ரெண்டு வாட்டி ஒரே மாதிரி போவுமா?"

"அச்சுன்னா அப்படித்தானே பாய்?"

"அப்ப இன்னாத்துக்கு என் கைய வாங்கினு போன?"

முதலில் எரிச்சலாகத்தான் வந்தது. அந்தச் சொல்லில் மொத்தமே இரண்டு ம-தான் என்று மடக்கியும் பார்த்தேன். "ரெண்டுதானா? ரெண்டும் ஒன்னாத்தானே கீது?" என்றார். அவர் சொன்னது சரி. மறுபடி உட்கார்ந்து ம, க, த மூன்றிலும் இரண்டிரண்டு தினுசு வெட்டினேன். ஒன்றின் வால் மேலே போகும், இன்னொன்றின் வால் கீழே இறங்கும். மாற்றி மாற்றிக் கோத்ததும் சுவரில் அது அச்சு என்றே யாருக்கும் தோன்றவில்லை. யாரோ விடியற்காலையில் ஏணி போட்டு ஏறி எழுதிவிட்டுப் போனார்கள் என்றே நினைத்தார்கள்.

பசைவாளி தூக்கிச் சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் அதற்கு வைத்த பெயர்தான் குஸ்தி எழுத்து.

எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

நாடகம், சர்க்கஸ், குஸ்தி, ஏலம், புதுச் சோடா, புதுப் பீடி, எல்லாவற்றுக்கும் அந்த எழுத்து பிய்த்துக்கொண்டு போனது. ஒரு தாளில் ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. அதற்கு மேல் போட்டால் சந்தைக்கடை. ஒருவன் கத்தினால் கேட்கலாம், பத்துப் பேர் கத்தினால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். கீழே இடம், நேரம் எல்லாம் எங்கள் பழைய அடக்கமான எழுத்தில், அந்தச் சாது எழுத்தில்தான் வர வேண்டும்.

ஒரு ரயில்வே டிரைவர் தன் மகள் கல்யாணப் பத்திரிகையை அதே எழுத்தில் கேட்டு ஒற்றைக் காலில் நின்றார். வேண்டாம் என்றோம், கேட்கவில்லை. இடப்பக்கம் மாப்பிள்ளை பெயர், வலப்பக்கம் பெண் பெயர், இரண்டும் குஸ்தி எழுத்தில். மாப்பிள்ளையின் அப்பா பத்திரிகையை வாங்கிப் பார்த்துவிட்டு, "எத்தினி ரவுண்டு?" என்று கேட்டாராம். கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. டிரைவர்தான் அப்புறம் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை.

இவ்வளவு தெரிந்தவனுக்கு, அந்த எழுத்தை வைத்து ஒருத்திக்குப் படிக்கச் சொல்லிக்கொடுக்கக்கூடாது என்பது மட்டும் தெரியாமல் போயிற்று.

சுவரைப் பார்த்துப் படித்தவள்

அமலோற்பவம் அக்கா எங்கள் அச்சகத்துக்கு எதிரே கூடை இறக்கி மீனும் கருவாடும் விற்பவள். நாற்பது தாண்டியவள், புருஷன் இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. தம்பி அந்தோணி துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டே குத்துச்சண்டையும் போடுகிறவன்.

ஒருநாள் அவள் கூடைக்கு நேரே சுவரில் புதுத் தாள் ஒட்டியிருந்தது.

"இன்னா நைனா போட்டுகீது அதுல?" என்று என்னிடம் கேட்டாள்.

"உன் தம்பி பேருதான்க்கா."

கூடையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள். ஈரம் காயாத தாளில் ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவினாள். "இதுவா அந்தோணி? தொந்தியும் தொப்பையுமா நல்லாத்தான் கீறான்" என்றாள். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது.

அங்கே பிடித்தது படிப்புப் பைத்தியம். அந்தோணியில் இருந்த எழுத்துகளை அடுத்த வாரத் தாளில் தேடினாள். தெரியாததை என்னைக் கேட்டாள். அச்சில் கெட்டுப்போன தாள்களைக் கருவாடு சுற்ற வாங்கிப் போகிறவள், படித்துவிட்டுத்தான் சுற்றிக் கொடுப்பாள். வாங்க வந்தவர்கள் காத்து நிற்பார்கள். வாரீர், மாபெரும், சவால், பெண்களுக்குத் தனி இடம், இன்று மட்டும். ஒரு வருஷத்துக்குள் ராயபுரத்தில் அவள் படிக்காத சுவர் இல்லை.

நான் போகிற இடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். 'அரிச்சுவடி கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது, என் எழுத்து ஒன்றே போதும்' என்று. ஆயா வேலை இருக்கிறது என்று தெரிந்ததும் "தைரியமாப் போக்கா" என்று சைக்கிளில் கூடவே போனவனும் நான்தான்.

அவளுக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. இருபது வருஷம் தலையில் கூடை சுமந்து கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. காலையில் எழுந்தால் இடது கை மரத்துக் கிடக்கும். இனிமேல் தலையில் பாரம் ஏற்றினால் கையே விளங்காமல் போகும் என்று சொன்னவர் அதே டாக்டரம்மாதான்.

ஈ போட்ட முட்டை

மூன்று நாள் அக்கா எங்கள் தெருவுக்கு வரவில்லை. நாலாம் நாள் விடிந்ததும் காசிமேட்டுக் கரைக்குப் போனேன். கட்டுமரங்கள் வந்து ஏறிக்கொண்டிருந்தன. ஏலச் சத்தத்துக்கு நடுவே, ஈர மணலில் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா, இன்னும் கொஞ்சம் சிரிக்கணுமா?"

"தப்பு என்னுதுக்கா."

"படிச்சது நானு. தப்பு எப்படி ஒன்னுதாவும்?"

"சொல்லிக் குடுத்தது நான்தானே."

அவள் கடலைப் பார்த்தாள். "கூட தூக்குனா கை போவுது. எறக்கி வச்சா சோறு போவுது. நீ சொல்லு நைனா, எத்த உடறது?" என்றாள்.

அச்சகத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். 'மட்டும்' என்ற சொல்லைக் குஸ்தி எழுத்தில் ஒரு தாளிலும், அதே உயரத்தில் சாது எழுத்தில் இன்னொரு தாளிலும் அடித்துச் சுவரில் ஒட்டினேன். பார்வைக் கோளாறா, எழுத்துக் கோளாறா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

முதலாவதைச் சட்டென்று படித்தாள். இரண்டாவதன் முன்னால் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"இவன் 'ட' மாதிரி கீறான். ஆனா மேல ஈ முட்ட போட்டு வச்சிகீதே?"

"அதுதான்க்கா புள்ளி."

"இதுவா புள்ளி? பாய் போடற புள்ளி கத்தி வீசினாப்பல இருக்குமே!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் படித்தது தமிழை அல்ல, கரீம் பாயின் கையை. கொம்பையும் காலையும் பாய் எப்படிச் சுழற்றுவாரோ அதுதான் அவளுக்குக் கொம்பும் காலும். அதைவிட மோசமாக இன்னொன்றும் நடந்திருந்தது. சுவரொட்டியில் எப்போதும் வருகிற அதே பத்துப் பதினைந்து சொற்கள்தான், தலையைப் பார்த்தால் போதும், வாலை நாமே சொல்லிவிடலாம். அவள் பாதியைப் படித்து மீதியை ஊகத்தில் அடித்துவிடப் பழகியிருந்தாள். புட்டியில் ஒரு 'ட'வைப் பார்த்ததும் 'இன்று மட்டும்' வந்தது அப்படித்தான்.

இதை எப்படி அவள் மனம் நோகாமல் சொல்வது என்று நான் முழித்துக்கொண்டிருக்கும்போதே அவளே சொன்னாள்.

"சொவுத்துல தப்பாப் படிச்சா ஒரு ஆட்டம் போவும். புட்டில தப்பாப் படிச்சா ஒரு உசுரு போவும். அந்தம்மா திட்னதுல தப்பே இல்ல நைனா."

அன்றே டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். நடந்ததை முழுசாகச் சொன்னேன். "பதினஞ்சு நாள் பார்க்கிறேன். அதுக்குள்ள படிச்சா எடுத்துக்கறேன், இல்லேன்னா வேற ஆள்" என்றார்.

பட்டினி போட்ட ம

மறுநாள் மத்தியானம் அச்சகத்தில் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் கரீம் பாய் ஐந்து பிரஷ்களோடு வந்தார். கட்டை விரல் தடிமனில் ஒன்று, அதைவிடச் சின்னதாக ஒன்று, இப்படிக் கடைசி பிரஷ் ஊசி மாதிரி. பலகையில் வரிசையாக ஐந்து 'ம்' எழுதினார். ஒவ்வொன்றிலும் உடம்பு மெலிந்தது, வால் சுருங்கியது, மேலே வீசிய கீற்று குறுகிக் குறுகிக் கடைசியில் ஒரு பொட்டாக நின்றது.

"பார்த்துக்கம்மா. அதே ஆளுதான். பட்டினி போட்டா இப்படி ஆயிட்டான்" என்றார் பாய்.

அக்கா முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். அத்தனை நாளுக்கப்புறம் அவள் சிரித்ததைப் பார்த்ததும் எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அதற்கப்புறம் என் வேலை. தெரிந்த சொல் ஒன்றைக் குஸ்தி எழுத்தில் கோப்பேன், நடுவில் ஓர் எழுத்தை மட்டும் சாது எழுத்தாக மாற்றி வைப்பேன். மறுநாள் இரண்டு எழுத்து. அதற்கு மறுநாள் மூன்று. பிறகு அளவையும் குறைத்துக்கொண்டே வந்தேன். பத்தாம் நாள் தாளில் குஸ்தி எழுத்து ஒன்றுகூட இல்லை. அவள் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக் கேட்டுப் படித்தாள். அடித்துவிடுகிற பழக்கம்தான் லேசில் போகவில்லை. ஒவ்வொரு தடவை அடித்துவிடும்போதும் தன் கையில் தானே ஒரு அடி போட்டுக்கொள்வாள்.

முதலாளி எட்டிப் பார்த்து, "இது அச்சகமா, பள்ளிக்கூடமா?" என்று முணுமுணுப்பார். ஆனால் கெட்டுப்போன தாள்களை அவரே எடுத்துவந்து வைத்துவிட்டும் போவார்.

நாலாவது புட்டி

இரண்டாம் தடவை போனபோது டாக்டரம்மா என்னையும் உள்ளே வந்து வாசலோரம் நிற்கச் சொன்னார். மேஜையில் நாலு புட்டிகள்.

முதல் புட்டியை அக்கா கையில் எடுத்து முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டாள். உதடு அசைந்தது. "வெளி... பூச்சு... வெளிப்பூச்சுக்கு மட்டும்." இரண்டாவது, "கண்ணுக்கு." மூன்றாவது, "குலுக்கி உபயோகிக்கவும்." அதற்கு மட்டும் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை.

நாலாவது சின்ன நீலப் புட்டி. அக்கா அதைப் பார்த்தாள், திருப்பினாள், மறுபடி பார்த்தாள்.

நான் வாசலிலிருந்து இரண்டடி முன்னால் வந்து எட்டிப் பார்த்தேன். அதில் இருந்தது மூன்றே எழுத்து: விஷம். பாயும் நானும் சுவரொட்டிக்கு வேண்டிய எழுத்துகளை மட்டும்தான் வெட்டியிருந்தோம். என் குஸ்தி எழுத்துப் பெட்டியில் ஷ கிடையாது. பெட்டியில் இருந்ததைத்தான் அந்தப் பதினைந்து நாளும் மாற்றி மாற்றிக் காட்டியிருந்தேன். அப்படி ஓர் எழுத்து உண்டு என்றே அவளுக்குத் தெரியாது.

நான் வாயைத் திறக்கப் போனேன். டாக்டரம்மா விரலை உயர்த்தினார்.

வினோதம் என்று சொல்லிவிடலாம், விளம்பரம் என்று சொல்லிவிடலாம். முன்னால் வி, பின்னால் ம் வருகிற சொற்கள் அவளுக்குச் சுவரில் எத்தனையோ பழக்கம். சொல்லிவிடுவாள் என்றுதான் பயந்தேன்.

அக்கா புட்டியை மேஜையில் தள்ளி வைத்தாள்.

"முன்னால வி. பின்னால ம். நடுவுல கீறவன் யாருன்னு எனுக்குத் தெர்லம்மா. இவன நான் பாத்ததே இல்ல."

"சும்மா ஒரு குத்துமதிப்பாச் சொல்லேன்" என்றார் டாக்டரம்மா.

"மாட்டேன்மா. வேல இல்லேன்னாலும் சரி. தெரியாத புட்டிய நான் யார் கையிலயும் குடுக்க மாட்டேன்."

டாக்டரம்மா நாற்காலியிலிருந்து எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார். அக்காவின் பக்கத்தில் நின்று, அந்த நடு எழுத்தின் மேல் விரலை வைத்தார். "இதுக்கு ஷ-னு பேரு. விஷம்" என்றார். அக்கா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"நல்லாப் படிச்ச பொண்ணு ஒருத்தி இங்க இருந்தா. சீட்டைப் படிக்காமலே இதைத் தூக்கிட்டு வந்தா. நல்லவேளை, நான் பார்த்துட்டேன்" என்றார் டாக்டரம்மா. "உன்ன மாதிரி நின்னு யோசிக்கிற ஆளுதான் எனக்கு வேணும். நாளைக்குக் காலைல வந்துடு."

நான் ஓவென்று அழுதுவிடுவேன் போலிருந்தது. அக்கா அழவில்லை. புட்டியையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இம்மாம் பொல்லாதவன இவ்ளோ சின்னதாவா எய்தி வைப்பாங்க? இவன்தாம்மா கத்தணும்! ரூமு அந்தக் கோடில கீறவளுக்கும் கேக்கணும். நம்ம இன்னாசிகிட்ட சொல்லுங்க, குஸ்தி எய்த்துல அடிச்சிக் குடுப்பான்."

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "முடியுமா?" என்றார்.

குஸ்தி எழுத்தில் ஷ என்னிடம் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன். அன்று மத்தியானமே கரீம் பாயைப் பிடித்து ஷ எழுதி வாங்கினேன். பாய் அதன் வாலை ஒரு சாட்டை சொடுக்கு சொடுக்கியிருந்தார். புட்டியில் ஒட்டுகிற அளவுக்கு விஷம் என்ற சொல்லை ஒரே கட்டையில் வெட்டினேன். எத்தனையோ சவாலும் சண்டையும் அடித்திருக்கிறேன். குஸ்தி எழுத்து சத்தம் போட்டுக் கத்தியே ஆக வேண்டிய வேலை அன்றுதான் கிடைத்தது.

மறுநாள் காலையில் சீட்டுக் கட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா வெள்ளைச் சேலையில் இருந்தாள். வராந்தாவில் புட்டிகளை வரிசையாக வைத்து, பசை தடவி, ஒவ்வொன்றாக ஒட்டினாள். ஒட்டுமுன் ஒவ்வொரு புட்டியின் பழைய சீட்டையும் ஒரு தடவை படித்துப் பார்த்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து யாரோ "ஆயா!" என்று கூப்பிட்டார்கள். அக்கா பாட்டுக்கு ஒட்டிக்கொண்டிருந்தாள். மறுபடியும் கூப்பிட்டார்கள். அது தன்னைத்தான் என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும், பசைக் கையைக்கூடத் துடைக்காமல் எழுந்து, "தோ வந்துட்டேன்மா" என்று உள்ளே ஓடினாள்.